எல் பலகை

ஐம்பதை ஒட்டிய வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் புறப்படுகிறவர்களைப் பார்த்து உறவும் ஊரும் கேட்கிற முதல் கேள்வி, ‘இனிமேல் எதற்கு?’ என்பதாகத்தான் இருக்கும். எங்களையும் அப்படியே கேட்டார்கள். 2023இல் நாங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் படியேறியபோது எங்களில் ஒருவருக்கு வயது 52, மற்றவருக்கு 49. பாளையங்கோட்டையில் இருபத்தைந்து ஆண்டுக் குடித்தனத்தை டவுன் பஸ்ஸையும் ஆட்டோவையும் சொந்தக் கால்களையும் நம்பியே நடத்தியிருந்தோம். இக்கட்டுரை நெடுகிலும் ‘எங்களில் ஒருவர்’ என்றே எழுதிச் செல்வதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதுவது இது. யார் எத்தனை முறை வண்டியை அணைத்தார், யார் தேர்வில் தோற்றார் என்பதை வெளியே சொல்வதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு.

எங்கள் வீட்டில் கார் இல்லாமல் போனதற்குப் பணம் மட்டும் காரணமன்று. எங்களோடு அம்மா இருக்கிறார். எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார்; இருவருமே அம்மா என்றுதான் அழைக்கிறோம். அம்மாவின் கணவரை ஐயா என்போம். 1991ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மாலையொன்றில், ஐயா திருச்செந்தூர் சாலையில் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த கார் ஒன்று அவரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. நல்ல மழை இருட்டு. வெகுநேரம் கிடந்திருக்கிறார். கடைசியில் மாட்டுவண்டிக்காரர் ஒருவர்தான் தூக்கிக் கிடத்தி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். தாம் வந்து சேரும் முன்பே நாலைந்து வண்டிகளின் விளக்கு வெளிச்சம் அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கிப் பிறகு வேகமெடுத்துப் போனதைத் தொலைவிலிருந்து கண்டதாக அவர் சொன்னார். மூன்றாம் நாள் ஐயா இறந்துபோனார். இடித்த கார் எது, ஓட்டியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. ‘இந்த வீட்டு வாசல்ல கார் நிக்கக் கூடாது’ என்று அம்மா ஒருமுறை சொன்னார். மறுமுறை சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை.

ஆனால் கார் வந்து நின்றது. 2022இன் கடைசியில் வெளிநாட்டு வேலைக்குப் போன மகன், தன்னுடைய சிறிய காரை எங்கள் வாசலில் விட்டுப்போனான். விற்பதற்கு ஆள் பார்க்கும்வரை என்பது ஏற்பாடு. அம்மா அதன் பக்கம் திரும்பாமல் கோலமிட்டுப் பழகிக்கொண்டார். உறை போர்த்திய காரின்மேல் வேப்பம்பூவும் சருகும் மாறிமாறி விழுந்தன.

மறு ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் பின்னிரவு, அம்மாவுக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால் மார்பில் ஏதோ கொதிப்பதுபோன்ற சத்தம். 108க்குச் சொன்னோம். வண்டி வந்தது, வந்தவர்கள் பக்குவமாகவும் விரைவாகவும் செய்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்கு முன்னான இருபது சொச்சம் நிமிடங்களை நாங்கள் வாசலில்தான் கழித்தோம். ஒருவர் கையில் அம்மாவின் முதுகு. மற்றவர் கையில் கார்ச் சாவி. சாவியை எதற்காக எடுத்து வந்தோம் என்று தெரியவில்லை. மூன்றடி தூரத்தில் கார் நின்றது. அதை நகர்த்தத் தெரிந்தவர் ஒருவரும் அவ்வீட்டில் இல்லை. அம்மா பிழைத்துக்கொண்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது என்றும், இது மறுபடியும் வரக்கூடும், வந்தால் தாமதிக்கக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லியனுப்பினார். ‘இனிமேல் எதற்கு?’ என்று கேட்டவர்களிடம் நாங்கள் இந்த விவரமெல்லாம் சொல்லவில்லை. சும்மா ஓர் ஆசை என்று சொல்லிவைத்தோம்.

முதற்படி எல்.எல்.ஆர். எடுப்பது. படிவத்தில் வரிசையாகக் கேள்விகள்: வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியுமா, இரவில் கண் தெரியாத நோய் உண்டா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து காரின் எண் பலகையைப் படிக்க முடியுமா. நாற்பது வயதைத் தாண்டியவர்களானதால் மருத்துவரின் கையெழுத்தும் வேண்டும். பயம் உண்டா என்று மட்டும் எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே திரும்பியிருப்போம்.

எல்.எல்.ஆருக்கான கணினித் தேர்வுக்குச் சாலைச் சின்னங்களை மனப்பாடம் செய்தோம். வட்டத்துக்குள் இருப்பவை உத்தரவுகள், முக்கோணத்துக்குள் இருப்பவை எச்சரிக்கைகள், செவ்வகத்துக்குள் இருப்பவை தகவல்கள் என்ற எளிய ஒழுங்கைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. கேள்விகளில் நூற்றுக்கு அறுபது விழுக்காட்டுக்குச் சரியாக விடையளித்தால் போதும் என்பது விதி. எங்களில் ஒருவருக்குத் திரையில் வந்த கேள்விகளில் ஒன்று, விபத்தில் ஒருவர் காயமுற்றால் ஓட்டுநர் செய்ய வேண்டியது என்ன என்பது. மூன்று விடைகள் கொடுத்திருந்தார்கள். காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது என்பது சரியான விடை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு அது. 1988ஆம் ஆண்டுச் சட்டம். ஐயா சாலையோரம் கிடந்த அந்த ஐப்பசியிலும் அது நடைமுறையில் இருந்த சட்டந்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் விடையைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதாயிற்று.

பயிற்சிப் பள்ளியில் பணம் வாங்கியவர், நாங்கள் கேளாமலேயே ஆறுதல் சொன்னார். ‘டெஸ்ட்டப் பத்திக் கவலப்படாதிய. வந்து சும்மா உக்காந்தாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்.’ அதற்கான தொகையும் கட்டணத்தோடு சேர்த்தே சொல்லப்பட்டது. எங்களில் ஒருவருக்கு ஒரு கணம் சபலம் தட்டியது உண்மை. அந்த வயதில், அத்தனை பேர் பார்க்க, இருபது வயதுப் பிள்ளைகள் நடுவே தோற்றுப்போவதை நினைத்துப் பார்த்தால் யாருக்கும் தட்டும். வேண்டாம் என்று மறுத்தவர் மற்றவர். ‘அந்தக் காரை ஓட்டினவரும் இப்படிச் சும்மா உட்கார்ந்து வாங்கினவராக இருந்தால்?’ என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டார். அதற்குப் பதில் கிடையாது. அவர் முறைப்படி கற்றுத் தேறியவராகவே இருந்திருக்கவும் கூடும். தேறியவர்கள் நிற்பார்கள் என்று யார் சொன்னது? ஆனாலும் அதன்பின் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அறுபது வயதுக்காரர். முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். எல்லோரும் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். பதினெட்டு சென்டிமீட்டர் சதுரத்தில் வெள்ளைப் பலகை, அதில் சிவப்பாக ஓர் எழுத்து. முன்னும் பின்னும் அதை மாட்டிக்கொண்டு அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னிருக்கையில். பின்னால் இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது மாஸ்டரின் முதல் விதி. எங்கள் மணவாழ்வில் அதற்கு முன் அப்படியொரு விதி இருந்ததில்லை.

‘என்ன அண்ணாச்சி, பானட்டையே பாத்துக்கிட்டிருக்கிய? அது எங்கயும் ஓடிராது. ரோட்டப் பாருங்க’ என்பார். ‘யக்கா, ஸ்டீரிங்க அப்படி இறுக்கிப் பிடிக்காதிய, கோழியப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கணும். இறுக்குனாச் செத்துரும், விட்டாப் பறந்துரும்.’ கிளட்ச் என்பது என்ன என்பதை அவர் சொல்லித்தான் விளங்கிக்கொண்டோம். இன்ஜின் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் சட்டென்று இணைத்தால் நிற்பதன் பாரம் சுற்றுவதை அணைத்துவிடும். இரண்டும் உரசி, வழுக்கி, மெல்ல மெல்ல ஒரே வேகத்துக்கு வர இடம் கொடுப்பதுதான் பாதி கிளட்ச். முதல் வாரத்தில் எங்களிடையே வண்டி எத்தனை முறை அணைந்தது என்பதற்குக் கணக்கில்லை.

சமதளத்தில் ஒருவாறு தேறியதும், மேட்டில் நிறுத்தி எடுக்கும் பாடம். அதற்கு மாஸ்டர் தேர்ந்தெடுத்த இடம் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின் ஏற்றம். விடிவதற்குள் அங்கே போய்விடுவோம். கைப்பிரேக்கை இழுத்து வைத்து, முதல் கியரில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்ச்சை விட விட, ஓர் இடத்தில் இன்ஜினின் குரல் தாழும். வண்டியின் மூக்கு சற்றே உயரும். அந்தக் கணத்தில் கைப்பிரேக்கை விடுவிக்க வேண்டும். முன்னே விடுவித்தால் வண்டி பின்னால் உருளும். பின்னால் யாராவது நின்றுகொண்டிருப்பார். முதல் நாள் ஒரு பால்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றது. மாஸ்டரின் கால் அவர் பக்கத்துப் பிரேக்கில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பால்காரர் வையவில்லை. எல் பலகையைக் காட்டித் தலையை ஆட்டிக்கொண்டு, இன்னும் நாலடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். அவ்வளவு ஆண்டுகளாகச் சாலையில் நடந்து திரிந்த எங்களுக்கு, அந்நியர் ஒருவர் எங்கள் அறியாமைக்கு நாலடி இடம் விட்டுக்கொடுப்பது புதிய அனுபவமாக இருந்தது.

தேர்வில் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளை எடுத்து வைத்துப் படித்தோம். 15ஆம் விதியில் நீண்ட பட்டியல் இருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்வது, மேட்டில் பின்வாங்காமல் எடுப்பது, குறுகிய இடத்தில் பின்னோக்கி நுழைப்பது என்று போய்க்கொண்டே இருக்கிறது. நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் அடுத்து என்ன செய்யக்கூடும் என்பதை ஓட்டுநர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மற்றவர்களின் பாதுகாப்பையும் வசதியையும் கருதி, குறிப்பாகப் பாதசாரிகளிடமும் சைக்கிளோட்டிகளிடமும், மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு காலைப் பயிற்சி முடிந்து டீ குடிக்கையில் இதை மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினோம். கொஞ்சம் கேலிக்காகத்தான். இதற்கெல்லாம் எப்படி மார்க் போடுவார்கள் என்று கேட்டோம்.

அவர் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

‘ஒரு நா ராத்திரி கயத்தாறு தாண்டி வாரேன். ரோட்டோரத்துல ஒரு ஆளு கெடக்கான். எவனோ அடிச்சிப் போட்டுட்டுப் போயிருக்கான். கை அசையுது. நான் நிக்கலை, அண்ணாச்சி. நின்னா நான்தான் அடிச்சேன்னு சொல்லுவானுவ. கேசு, கோர்ட்டு. வண்டி ஸ்டேஷன்லயே நிக்கும். மொதலாளி வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு. பிள்ளைய ரெண்டும் சின்னப் பிள்ளைய. லேசா மெதுவாக்கிப் பாத்துட்டு மிதிச்சிட்டேன். இன்னைக்கும் அந்தக் கை கண்ணுல நிக்கி.’

டீக்கடையில் வேறு யாரும் இல்லை. ஐயாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் சொல்லவுமில்லை. அன்று வீட்டுக்கு வந்து நாங்களிருவரும் வெகுநேரம் பேசிக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டுகளாக நாங்கள் வெறுத்துவந்தது இடித்துவிட்டுப் போன ஒருவரை மட்டுமன்று. ஒரு கணம் தயங்கிப் பிறகு வேகமெடுத்துப் போன அந்த நாலைந்து வெளிச்சங்களையுந்தான். அவற்றுக்கு முகம் இருந்ததில்லை. இப்போது அவற்றில் ஒன்றைப்போன்ற ஒரு முகம், காலை ஐந்தரைக்கு எங்கள் வாசலில் வந்து ஹாரன் அடிக்காமல் காத்திருக்கும் முகம், எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சொன்ன அச்சம் பொய்யன்று. உதவப் போனவரைச் சாட்சியாகவும் சில சமயம் குற்றவாளியாகவும் இழுத்தடிக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. உதவுகிறவர்களைப் பாதுகாப்பதற்கான வழிகாட்டு நெறிகளை உச்ச நீதிமன்றம் 2016இல்தான் நாடு முழுதும் கட்டாயமாக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 134அ என்னும் பிரிவு சேர்ந்தது: நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்கு இல்லை; அவர் விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் இதை மாஸ்டரிடம் சொன்னோம். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். ‘அப்பமே இருந்திருந்தா நின்னுருப்பேனான்னு தெரியலை’ என்றார். பிறகு, ‘கண்ணாடியப் பாருங்க, இண்டிகேட்டரப் போடுங்க, எடுங்க’ என்றார். எடுத்தோம்.

அந்த உரையாடலுக்குப் பிறகு பள்ளி வகுத்த நாள்கள் போதா என்று கூடுதல் பணம் கட்டி மேலும் ஒரு மாதம் ஓட்டினோம். சிறிய கணக்கொன்று எங்களை மிகவும் அச்சுறுத்தியது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நகருக்குள் மெதுவான வேகம் என்றுதான் எண்ணியிருந்தோம். ஆனால் அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குப் பதினொரு மீட்டர் போகிறது. குறுக்கே ஓர் ஆள் வருவதைக் கண்டு, கண்டதைப் புரிந்துகொண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் ஒரு விநாடி கழிந்துவிடுகிறது. பிரேக் பிடிப்பது அதற்கப்புறந்தான். வேகத்தை இரு மடங்காக்கினால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. மழை பெய்து சாலை நனைந்திருந்தால் இன்னும் கூடும். ஐயாவின் சைக்கிளுக்குப் பின்விளக்கு கிடையாது. மட்கார்டில் சிவப்புக் கண்ணாடி வில்லை ஒன்று இருந்தது. இடித்தவர் அதை எப்போது கண்டிருப்பார் என்று ஓட்டத் தெரியாதவரைக்கும் நாங்கள் கணக்கிட்டதில்லை. ஓட்டத் தொடங்கியபின் கணக்கிடாமல் இருக்க முடியவில்லை. இடித்ததை மன்னிக்கலாம் போலிருந்தது. போனதை அப்போதும் முடியவில்லை.

எல்.எல்.ஆர். பெற்று முப்பது நாள் கழிந்தபின்தான் தேர்வுக்குப் போகலாம். நாங்கள் அறுபது நாளுக்குமேல் கழித்துப் போனோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து மைதானத்தில் காலை ஒன்பதிலிருந்து காத்திருந்தோம். எங்களூரில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வது. அவர் பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்தார். எங்களில் முதலில் போனவர் கியர் மாற்றி, வளைத்து, நிறுத்தி, பின்னோக்கி நுழைத்து இறங்கினார், தேறினார். இரண்டாமவர் எல்லாவற்றையும் செய்து முடித்துப் பின்னோக்கி நுழைக்கையில் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்க மறந்தார். ஓரத்தில் நட்டிருந்த கம்பம் சாய்ந்தது. மிக மெல்லிய சத்தம்.

‘பின்னால ஒரு பிள்ள நின்னிருந்தா?’ என்று மட்டும் கேட்டார் ஆய்வாளர். குரலில் கடுமை இல்லை. ஏழு நாள் கழித்து வரச் சொன்னார். தோற்றவர் அழுதார் என்பதையும், அழுதது அவமானத்தால் அன்று என்பதையும் ஒப்பந்தத்தை மீறாமல் இங்கே சொல்லிவிடலாம்.

அந்த ஏழு நாளும் ஊருக்கு வெளியே வீடு எழும்பாத மனைப்பிரிவொன்றில், மாஸ்டர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த காலிப் பிளாஸ்டிக் குடங்களை நட்டுவைத்துப் பின்னோக்கி ஓட்டினோம். அந்த நாள்களுக்கு அவர் பணம் வாங்கவில்லை. எட்டாம் நாள் இரண்டாமவரும் தேறினார். உரிமம் ஒருவருக்குப் பத்தாண்டுக்கும், ஐம்பதைக் கடந்துவிட்டவருக்கு அறுபது வயது வரைக்குமாக வந்தது.

அம்மா மட்டும் காரில் ஏறவில்லை. மருத்துவரிடம் போக ஆட்டோவே போதும் என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை. கார்த்திகையில் ஒரு விடியற்காலை மறுபடி மூச்சு முட்டியது. இம்முறை யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் அம்மாவைத் தாங்கிப் பின்னிருக்கையில் அமர்ந்தார், மற்றவர் ஓட்டினார். ஹைகிரவுண்டு போய்ச்சேர ஒன்பது நிமிடம். கைகள் நடுங்கியது வண்டியை நிறுத்திய பிறகுதான்.

அம்மா தேறி வந்த ஒரு வாரத்தில், தாமாகவே, ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். மாலையில் காரிலேயே கிளம்பினோம். வண்ணார்பேட்டை தாண்டிச் சுலோசன முதலியார் பாலம். 1843இல், கலெக்டர் அலுவலகத்துச் சிரஸ்தார் ஒருவர், ஆற்றைக் கடக்க மக்கள் படும் பாட்டைக் கண்டு தம் சொந்தப் பணத்தில் கட்டுவித்த பாலம் அது. தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு முதியவர், கேரியரில் வாழையிலைக் கட்டோடு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். காற்று எதிர்க்காற்று. அவரைத் தாண்டிப் போக இடமில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். எல் பலகையைக் கழற்றி வைத்திருந்ததால் எங்களுக்குச் சலுகை தர யாருக்கும் காரணமிருக்கவில்லை. இரண்டாம் கியருக்கு இறங்கி, பத்தடி விட்டு, அவர் பின்னாலேயே போனோம்.

அம்மா முன்பக்கம் சாய்ந்து அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

‘அவரு மெல்லப் போட்டும். அவரு போனப் பொறவு நாம போவோம்’ என்றார்.